கொனாக்ட் குடியரசு: ஒரு பக்க ஆணை, ஒரு வார ஆட்சி

கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. 1798-ல் அயர்லாந்தின் மேற்கே, பிரெஞ்சுப் படையின் துணையோடு ‘கொனாக்ட் குடியரசு’ என்று ஒன்று நடந்ததாகச் சொல்கிறார்களே, அது நிஜ அரசா, பொம்மை அரசா? ஏன் அவ்வளவு சீக்கிரம் கவிழ்ந்தது? பிரான்ஸ் பாதியில் கைவிட்டதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடன்படாதவர்கள் படித்துக்கொண்டே சண்டை போடலாம். அது அரசு என்று சொல்லுமளவுக்கு வளரவே இல்லை. ஒரு படைக்கு ஆள் பிடிக்கவும் சோறு போடவும் அவசரத்தில் திறந்த அலுவலகம் அது. திறந்தவர் பிரெஞ்சுத் தளபதி. ஆனால் அதை நம்பி ஈட்டி தூக்கியவர்களுக்கு ராஜத்துரோகத் தண்டனை மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. இதற்கு ஆதாரம் அந்த அரசை நிறுவிய ஆணையிலேயே இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது இங்கிலாந்து ராஜாவின் கீழ் இருந்த அயர்லாந்தில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். டப்ளின் நாடாளுமன்றத்தில் அவர்கள் உறுப்பினராக முடியாது, ஆனால் தாங்கள் கும்பிடாத ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு (அரசு ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்ட் சபை) விளைச்சலில் பங்கு கட்ட வேண்டும். வட பக்கத்துப் பிரஸ்பிட்டீரியன்களுக்கும் (புராட்டஸ்டண்ட்களில் வேறொரு பிரிவு) கிட்டத்தட்ட இதே மனக்குறை. 1791-ல் பெல்ஃபாஸ்ட்டில் ‘ஒன்றுபட்ட ஐரிஷ்காரர்கள்’ சங்கம் ஆரம்பித்தது. அதன் முகம் உல்ஃப் டோன், புராட்டஸ்டண்ட் வக்கீல். பாரிஸுக்குப் போய் படை கேட்டவரும் அவர்தான். 1796 டிசம்பரில் பிரான்ஸ் நிஜமாகவே பெரிய படையை அனுப்பியது. ஹோஷ் என்ற தளபதி, நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், சுமார் 14,000 வீரர்கள். தெற்கே பான்ட்ரி விரிகுடா வரை வந்தார்கள், புயல் அடித்தது, ஒருவர்கூடக் கரையில் கால் வைக்காமல் திரும்பினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 14,000 பேர் வந்தபோது உள்ளே எழுச்சி இல்லை. 1798 மே, ஜூனில் எழுச்சி வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. ஜூன் 21-ம் தேதி வெக்ஸ்ஃபர்டில் வினிகர் ஹில் சண்டையோடு அந்த எழுச்சி கிட்டத்தட்ட முடிந்துபோனது. எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நம் கதையின் கப்பல்கள் வருகின்றன.

ஏன் தாமதம்? நெப்போலியன் எகிப்துக்குப் போய்விட்டார். நல்ல படை, பணம், கப்பல் எல்லாம் அந்தப் பக்கம். மிச்சத்தைச் சில சின்னச் சின்னக் குழுக்களாக அயர்லாந்துக்கு அனுப்பலாம் என்று திட்டம், அதிலும் பிரெஸ்ட் துறைமுகத்தில் கிளம்ப வேண்டிய பெரிய குழு சம்பளப் பணம் வராமல் நின்றுகொண்டிருந்தது. ஜெனரல் ஹம்பர்ட் (பிரெஞ்சுக்காரர்கள் ‘அம்பேர்’ என்பார்கள்) காத்திருக்கவில்லை. லொரேன் பக்கத்து எளிய குடும்பத்துக்காரர், ஒரு காலத்தில் முயல் தோல் வியாபாரம் செய்தவர், புரட்சியில் படியேறி முப்பது வயதுக்குள் ஜெனரல் ஆனவர். பான்ட்ரி பயணத்திலும் இருந்தவர், திரும்பும்போது அவர் ஏறியிருந்த கப்பல் பிரிட்டனி கரையில் உடைந்து உயிர் தப்பியவர். அப்படிப்பட்டவர் 1798 ஆகஸ்ட் 6-ம் தேதி மூன்று போர்க்கப்பல்களில் ஆயிரத்துச் சொச்சம் வீரர்களோடு, ஐரிஷ்காரர்களுக்குக் கொடுக்கக் கூடுதல் துப்பாக்கிகளையும் சீருடைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 22-ம் தேதி மேயோ மாவட்டத்தில் கில்லலா விரிகுடா. கப்பல்களில் ஆங்கிலக் கொடி பறந்தது, ஏமாற்றத்தான். கில்லலாவில் ஆங்கிலிக்கன் பிஷப் ஜோசப் ஸ்டாக் வீட்டில் அன்று பாதிரியார்கள் விருந்தாளிகளாக இருந்தார்கள். நம்ம கப்பல்தானே என்று பிஷப்பின் இரண்டு மகன்கள் படகில் போய்ப் பார்க்க, பார்க்கப் போனவர்கள் அங்கேயே கைதி. சாயங்காலத்துக்குள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில். பிஷப் வீடே தலைமையகம். வாசலில் பச்சைக் கொடி ஏறியது, ‘அயர்லாந்து என்றென்றும்’ என்ற பொருளில் ஐரிஷ் வாசகம்.

இந்த பிஷப் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மனிதருக்கு பிரெஞ்சு தெரியும், ஒரு மாதம் தன் வீட்டிலேயே பிணைக்கைதி மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கவனித்தார், பிறகு எழுதி வெளியிட்டார். ராஜவிசுவாசி, புரட்சி பிடிக்காதவர், ஆனாலும் வந்தவர்கள் தன் வீட்டுப் பொருளில் கை வைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். பாதிப் பேர் இத்தாலியில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள், மற்றவர்கள் ரைன் நதிப் பக்கம். குள்ளமாக, வெளிறிப்போய், பார்த்தால் ஒன்றும் இல்லாத ஆட்கள், ஆனால் உருளைக்கிழங்கைத் தின்று தண்ணீரைக் குடித்துத் தெருக் கல்லில் படுத்து எழுந்து போருக்குப் போவார்கள் என்று வியக்கிறார்.

அவர் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. ஆயுதம் வாங்க வந்த கிராமத்து ஆட்கள் பிரான்சுக்காகவும் கன்னி மரியாளுக்காகவும் சண்டை போட வந்திருக்கிறோம் என்றார்களாம். பிரெஞ்சு சிப்பாய்களோ அதே வருடம் ரோமில் போப்பைத் துரத்திவிட்ட படையின் ஆட்கள். இத்தாலியில் விரட்டிய போப்பை அயர்லாந்தில் இவ்வளவு சீக்கிரம் மறுபடி சந்திப்போம் என்று நினைக்கவில்லை என்று ஒருவர் சொன்னாராம். ஐரிஷ் மட்டுமே பேசும் ஊரில், ஐரிஷ் தெரியாத, சாமி கும்பிடாத படை. அருகிலுள்ள பலினா ஊர்ப் பக்கத்தில் பிறந்து பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்த ஓகியோன் போன்ற ஒன்றிரண்டு பேர்தான் நடுவில் மொழிபெயர்த்தார்கள். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதில் முதல் நாளே இரண்டு கதை ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 24-ல் பலினா விழுந்தது. அடுத்தது மாவட்டத் தலைநகர் கேசில்பார். அங்கே போகும் நேர்ச் சாலையில் பிரிட்டிஷ் படை காத்திருந்தது. ஹம்பர்ட் அந்தச் சாலையை விட்டுவிட்டு, கொன் ஏரிக்கு மேற்கே ஆடு மாடு போகும் மலைப்பாதையில் இரவெல்லாம் நடந்தார். 27-ம் தேதி காலை பிரிட்டிஷ்காரர்கள் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்து நின்றார். பிரெஞ்சுக்காரர் எழுநூறு எண்ணூறு பேர், கூட ஐரிஷ்காரர் கிட்டத்தட்ட அதே அளவு. எதிரே ஜெனரல் லேக். எண்ணிக்கை கூடுதல், பீரங்கியும் நிறைய, முதல் கொஞ்ச நேரம் அந்தப் பீரங்கிகள் நன்றாகவே வேலை செய்தன. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடி வந்ததும் மிலிஷியா என்ற உள்நாட்டுத் துணைப்படைகள் திரும்பி ஓடின, சிலர் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தும்விட்டார்கள். ஓடியவர்கள் அன்று ராத்திரியே ட்யூம் ஊர் போய்ச் சேர்ந்தார்கள், அங்கேயும் நிற்கவில்லை. தளபதியின் மூட்டை முடிச்சுகூட கேசில்பாரிலேயே கிடந்தது. ‘கேசில்பார் ஓட்டப்பந்தயம்’ என்று இன்றைக்கும் கேலியாகச் சொல்கிறார்கள்.

இந்த வெற்றியின் சூட்டில்தான், நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 31-ம் தேதி, குடியரசு பிறக்கிறது. ஆணையில் தேதியே பிரெஞ்சுப் புரட்சி நாள்காட்டிப்படி, ஆறாம் ஆண்டு ஃப்ருக்டிடோர் மாதம் 14. இந்த ஆணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம்தான் இருக்கும். கொனாக்ட் மாகாண அரசு மறு உத்தரவு வரும்வரை கேசில்பாரில் இருக்கும். அதில் 12 உறுப்பினர்கள், அவர்களை நியமிப்பவர் பிரெஞ்சுப் படைத் தளபதி. குடிமகன் ஜான் மூர் அதன் தலைவர். அரசின் உடனடி வேலை என்ன? மாகாணத்தின் படைபலத்தைத் திரட்டுவது, பிரெஞ்சு, ஐரிஷ் படைகளுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது. தலா 1,200 பேர் கொண்ட 8 காலாட்படைப் பிரிவு, தலா 600 பேர் கொண்ட 4 குதிரைப்படைப் பிரிவு. ஆயுதமும் உடையும் வாங்கிக்கொண்டு 24 மணி நேரத்தில் படையில் சேராதவர்கள் துரோகிகள். 16 வயது முதல் 40 வரை எல்லா ஆண்களும் உடனே பிரெஞ்சு முகாமுக்கு வர வேண்டும். கீழே கையெழுத்து ஹம்பர்ட்.

அவ்வளவுதான். நிலம் பற்றி ஒரு வரி இல்லை. மக்களை உறுத்திக்கொண்டிருந்த திருச்சபை வரி பற்றி இல்லை. தேர்தல், நீதிமன்றம், மத உரிமை எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், காலாட்படை 9,600, குதிரைப்படை 2,400, மொத்தம் 12,000 பேர். காகிதத்தில் பன்னிரண்டாயிரம், தரையில் சில ஆயிரம் பேர்கூட நிலையாக இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘கொனாக்ட் குடியரசு’ என்ற சொல்லே அந்த ஆணையில் இல்லை. ‘கொனாக்ட் மாகாண அரசு’ என்றும், ஆள் கூப்பிடும் இடத்தில் ‘ஐரிஷ் குடியரசின் பெயரால்’ என்றும்தான் இருக்கிறது. அதாவது முழு அயர்லாந்துக்கும் ஒரு குடியரசு வரப்போகிறது, அதுவரைக்கும் இந்த மாகாணத்துக்கு இது தற்காலிக நிர்வாகம் என்ற கணக்கு. மேற்கே தனிநாடு கேட்டார்கள் என்று சிலர் எழுதுவது அபத்தம்.

சரி, யார் இந்த ஜான் மூர்? அவருடைய அப்பா ஸ்பெயினில் அலிகான்டே துறைமுகத்தில் மது வியாபாரம் செய்து பெரும் பணம் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, காரா ஏரிக்கரையில் மாளிகை கட்டிய கத்தோலிக்கர். பையன் வெளிநாட்டில் படித்தவர், பிறகு சட்டம் படித்தவர், வயது முப்பதை ஒட்டி. பிரெஞ்சு பேசத் தெரியும், பெரிய குடும்பம், கத்தோலிக்கர். ஹம்பர்ட்டுக்கு வேறென்ன வேண்டும்? நான் அவரைக் குறைத்துப் பேசவில்லை, பணக்கார வீட்டுப் பிள்ளை பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. ஆனால் அவரைத் தலைவராக்கியது ஓட்டோ சங்கமோ இல்லை, ஒரு தளபதியின் பேனா. இதே பொறுப்பு ஒன்றை ஹம்பர்ட் முதலில் பிஷப்பிடமே நீட்டிப் பார்த்தார், ராஜாவுக்குச் செய்த சத்தியம் இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார்.

மூர் அரசு கேசில்பாரில் எத்தனை நாள் நடந்தது தெரியுமா? ஆகஸ்ட் 31-ல் ஆரம்பம். செப்டம்பர் 4-ம் தேதிக்குள் ஹம்பர்ட் ஊரைக் காலி செய்துவிட்டார். தலைநகரில் ஒரு வாரம்கூட இல்லை. பிரிட்டிஷ் படை திரும்ப நுழைந்தபோது மூர் பிடிபட்டார். கில்லலா செப்டம்பர் 23 வரை தாக்குப்பிடித்ததால்தான் ‘ஒரு மாதக் குடியரசு’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஏன் கிளம்பினார் என்றால், கார்ன்வாலிஸ் வந்துகொண்டிருந்தார். ஆமாம், அதே கார்ன்வாலிஸ்தான். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தவர், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கியவர், அந்த உடன்படிக்கையில்தான் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. 1798-ல் அவர் அயர்லாந்தின் வைஸ்ராயும் தலைமைத் தளபதியும். கேசில்பாரில் ஓடிய லேக்கையும் நமக்குத் தெரியும், 1803-ல் மராத்தியர்களிடமிருந்து டெல்லியைப் பிடித்த லார்டு லேக் அவர்தான். பிரெஞ்சுக் கப்பலுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வருடம் அயர்லாந்தில் மட்டும் இல்லை. திப்புவும் மொரீஷியஸுக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டார், 1798 ஏப்ரலில் மங்களூரில் வந்து இறங்கியது சுமார் நூறு தொண்டர்கள். அதோடு ஒப்பிட்டால் ஹம்பர்ட்டின் ஆயிரம் பேர் பெரிய படைதான்!

கார்ன்வாலிஸ் லேக் மாதிரி அவசரப்படவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு மெதுவாக வலையை இறுக்கினார். ஹம்பர்ட் வடக்கே ஸ்லைகோ பக்கம் நகர்ந்தார். செப்டம்பர் 5-ல் கொலூனியில் ஒரு மிலிஷியாப் படை வழிமறித்தது. அங்கே ஒரு பீரங்கி பிரெஞ்சுக்காரர்களைத் துளைத்துக்கொண்டிருக்க, ஹம்பர்ட்டின் உதவி அதிகாரி பார்த்தலமியூ டீலிங் என்ற ஐரிஷ்காரர் தனியாகக் குதிரையில் பாய்ந்து போய் பீரங்கிக்காரரைச் சுட்டு வீழ்த்தினார். இன்றைக்கும் அந்த இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சண்டை ஜெயித்தார்கள், ஆனால் முன்னால் இன்னும் பெரிய படை இருக்கும் என்று ஹம்பர்ட் நினைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து லாங்ஃபர்ட், வெஸ்ட்மீத் பக்கம் புதிதாக எழுச்சி கிளம்பியிருக்கிறது என்று சேதி. அதோடு சேர்ந்துகொண்டு டப்ளின் பக்கம் போய்விடலாம் என்று கிழக்கே திரும்பினார், வேகத்துக்காக வழியில் பீரங்கிகளைக்கூடத் தள்ளிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை, இவர் போய்ச் சேருவதற்குள் அந்த எழுச்சி கிரனார்டில் நசுக்கப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 8, லாங்ஃபர்ட் மாவட்டம், பலினமக் கிராமம். முன்னால் கார்ன்வாலிஸ், பின்னால் லேக். அரை மணி நேரச் சண்டை, பெரும்பாலும் மானத்துக்காகப் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள், 844 பேர் கைதி.

தண்டனை பற்றி நான் ஆரம்பத்தில் சொன்னது இங்கேதான் நிஜமாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் போர்க்கைதிகள். அவர்களைக் கால்வாய்ப் படகில் டப்ளினுக்குக் கூட்டிப்போனார்கள், ஹம்பர்ட்டையும் அதிகாரிகளையும் ஓட்டலில் தங்கவைத்தார்கள், பிறகு கைதிப் பரிமாற்றத்தில் நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஐரிஷ்காரர்களுக்குச் சரணடைதல் என்பதே கிடையாது. சதுப்பு நிலத்தில் ஓடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது, இறந்தவர்கள் சுமார் ஐந்நூறு பேர். பிடிபட்டவர்களில் யாரைத் தூக்கிலிடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஆணையில் 24 மணி நேரத்தில் வராதவன் துரோகி என்று சொன்னார்களே, வந்தவனைப் பிடிபட்டால் காப்பாற்ற அந்த ஆணையில் ஒரு சொல்கூட இல்லை.

சரி, பிரெஞ்சுச் சீருடை போட்டிருந்தால் தப்பலாமா? அதுவும் ஆளைப் பொறுத்தது. டீலிங்கும், உல்ஃப் டோனின் தம்பி மேத்யூ டோனும் பிரெஞ்சுப் படை அதிகாரிகள். ஹம்பர்ட் டீலிங்குக்காக வாதாடியும் பயனில்லை, இருவரையும் செப்டம்பர் முடிவதற்குள் டப்ளினில் தூக்கிலிட்டார்கள். நான் முன்னே சொன்ன ஓகியோன் தான் பிரெஞ்சுக் குடிமகன் என்று நிரூபித்துத் தப்பினார். ஒரே மாதிரி மூன்று பேர், யாருக்கு எந்த நாட்டுக் காகிதம் செல்லும் என்பதில் உயிர் தொங்கியது.

கில்லலாவின் கடைசி நாட்கள் இதைவிட விசித்திரம். ஹம்பர்ட் அங்கிருந்த வீரர்களையும் கூப்பிட்டுக்கொண்ட பிறகு ஊரில் மிஞ்சியது ஷாரோஸ்ட், பூதே, போன்சோன் என்ற மூன்று பிரெஞ்சு அதிகாரிகள். பிஷப் வீட்டு வாசலில் சில நூறு ஈட்டிக்காரர்கள், உள்ளே பயந்துபோன புராட்டஸ்டண்ட் குடும்பங்கள், நடுவில் இந்த மூன்று பேர். பழிவாங்கும் ஆத்திரம் ஊரில் இருந்தது, ஆனாலும் ஷாரோஸ்ட் கடைசிவரை யார் வீட்டிலும் ரத்தம் சிந்த விடவில்லை என்று பிஷப்பே நன்றியோடு எழுதுகிறார். ஆட்சி என்று ஏதாவது நடந்திருந்தால் இந்த மூன்று வாரம்தான் அது என்பேன். செப்டம்பர் 23-ல் ஜெனரல் டிரெஞ்ச் படை உள்ளே நுழைந்தது, நானூறு பேருக்குக் குறையாமல் வெட்டுப்பட்டார்கள். அதற்குப் பிறகு மேயோவில் நடந்த தூக்குகளுக்காகவே ஷெரீப் டெனிஸ் பிரவுனுக்கு ‘தூக்குக்கயிறு டெனிஸ்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

பிரான்ஸ் கைவிட்டதா? வேண்டுமென்று கைவிடவில்லை. பிரெஸ்டில் நின்ற குழு செப்டம்பர் நடுவில் கிளம்பி வந்தது, அக்டோபர் 12-ல் வடக்கே கடலில் பிரிட்டிஷ் கப்பற்படை அதை உடைத்தது, பிடிபட்டவர்களில் உல்ஃப் டோனும் ஒருவர், நவம்பரில் சிறையில் இறந்தார். ஹம்பர்ட்டைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல்தலைவர் சவாரியும் அக்டோபர் கடைசியில் இன்னொரு படையோடு கில்லலா விரிகுடாவுக்கே திரும்ப வந்தார், கரையில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார். ஆக, உதவி வந்தது. ஒவ்வொரு தடவையும் பிந்தி வந்தது. பாரிஸுக்கு அயர்லாந்து என்பது இங்கிலாந்தைச் சீண்ட ஒரு பக்கவாட்டுக் களம், கேசில்பார்க்காரருக்கு அது சொந்த ஊர். இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஆயிரம் பேரோடு வந்து இறங்கி ஊர் முழுக்க ஆயுதம் கொடுத்த தளபதிக்கு, தோற்றால் இந்த ஆட்கள் கதி என்ன என்று தெரியாமல் இருந்திருக்காது. ஜூனில் வெக்ஸ்ஃபர்டில் தோற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஹம்பர்ட் பிறகு நெப்போலியனோடு ஒத்துப்போகாமல் அமெரிக்கா போய், 1815-ல் நியூ ஆர்லியன்ஸ் சண்டையில் மறுபடி பிரிட்டிஷாருக்கு எதிராக நின்று, 1823-ல் அந்த ஊரிலேயே இறந்தார். ஜான் மூருக்கு நாடுகடத்தல் தண்டனை. கொண்டுபோகும் வழியில் வாட்டர்ஃபர்டில் 1799 டிசம்பரில் இறந்துபோனார், புதைத்த இடமே வெகுகாலம் மறந்துபோனது. 1960 வாக்கில் கல்லறையைக் கண்டுபிடித்து, 1961-ல் கேசில்பார் ஊர் நடுவில் உள்ள ‘மால்’ பூங்காவில் அரசு மரியாதையோடு மறுபடி புதைத்தார்கள், அன்றைய அயர்லாந்து ஜனாதிபதி டி வலேராவே வந்திருந்தார். அங்கே அவரை அயர்லாந்தின் முதல் ஜனாதிபதி என்று கொண்டாடுகிறார்கள். ஹம்பர்ட் எழுதிக்கொடுத்த காகிதத்தில் இருந்த பதவி ‘மாகாண அரசின் தலைவர்’.